கேசட்டின் மேல் ஒட்டிய சீட்டு

தீப்பெட்டிப் படங்களைச் சிறு வயதில் சேர்த்து வைத்தவர்கள் நம் வாசகர்களுள் பலர் இருப்பர். படம் ஒன்றே, ஆனால் ஒன்றில் பின்னணி சிவப்பு, மற்றொன்றில் மஞ்சள். அவ்விரண்டையும் வெவ்வேறெனக் கொண்டு பத்திரப்படுத்துவதில்தான் அதன் சுவையே இருந்தது. அதே ஆசை இப்பொழுது வேறொரு பண்டத்தின்மேல் சென்றிருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடிய பழைய வீடியோ கேம் 'கேசட்டு'களையே கூறுகின்றோம். அதனுள் நாடா கிடையாது. ஒரு சிறு மின்சுற்றுப் பலகைதான் உண்டு. ஆயினும் நம் வீடுகளில் அது கேசட் என்றே வழங்கிற்று. நாமும் அவ்வாறே வழங்குவோம்.

மேல்நாட்டார் இச்சீட்டுகளை ஆராய்வது ஒரு சாஸ்திரம் போலவே வளர்ந்துவிட்டது. 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் தன் கருவியை வெளியிட்டபோது அதனுடன் ஒன்பது ஆட்டங்கள் வந்தன. அவற்றின் சீட்டுகளில் எழுத்தே பிரதானம். பின்னர்ப் படச் சீட்டு வந்தது, அதன்பின் வெள்ளி நிறச் சீட்டு, கடைசியில் சிவப்பு. அதே நிறுவனத்தின் 'காம்பட்' என்னும் ஆட்டத்தைச் சியர்ஸ் என்ற பெருங்கடை 'டேங்க் பிளஸ்' என்று பெயர் மாற்றி விற்றது. ஆகவே சீட்டைக் கண்டமாத்திரத்தில் அது ஏறக்குறைய எக்காலத்தது, எக்கடைக்குரியது என்று அவர்கள் சொல்லிவிடுவர்.

பெயர் மாற்றத்தால் விலை எப்படி ஏறும் என்பதற்கு ஒரு சான்று போதும். ஜப்பானின் பாண்டாய் நிறுவனம் 1987இல் அமெரிக்காவில் 'ஸ்டேடியம் ஈவெண்ட்ஸ்' என்றோர் ஆட்டத்தை வெளியிட்டது. தரையில் விரித்த பாயை மிதித்து ஓடி ஆடுவது அது. அப்பாயின் உரிமையை நிண்டெண்டோ வாங்கிக்கொண்டு, 1988இல் அதே ஆட்டத்தை 'வேர்ல்ட் கிளாஸ் டிராக் மீட்' என்னும் பெயரில் வெளியிட்டது. பழைய பெயர் தாங்கியவை மிகச் சிலவே எஞ்சின. அவற்றுக்குப் பல்லாயிரம் டாலர் கொடுப்பவர் உளர். புதுப் பெயருடையதோ சில டாலருக்கே கிடைக்கும். 2021ஆம் ஆண்டில், உறை பிரிக்காத 'சூப்பர் மரியோ 64' ஒன்று 15 இலட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. உறையையே பிரிக்காத ஆட்டத்தை ஆட்டம் என்பது தகுமோ, நாம் அறியோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட 'ஃபேமிகாம்' கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்களே 1990களில் நம் வீடுகளுக்கு வந்தன. பெங்களூரில் மெஜஸ்டிக் பக்கத்து நேஷனல் மார்க்கெட்டிலும் எஸ்.பி. ரோட்டிலும், சென்னையில் பர்மா பஜாரிலும் இவை விலைபோயின. இவற்றின் சீட்டுகளில் செய்தவர் பெயரில்லை, ஆண்டில்லை. 'ஒன்றில் 99,99,999 ஆட்டங்கள்' என்று கூசாமல் அச்சிட்டிருக்கும்! உள்ளே இருப்பனவோ விரல்விட்டு எண்ணத்தக்க சில ஆட்டங்கள். அவையே வெவ்வேறு கட்டங்களிலிருந்து தொடங்குமாறு பட்டியலில் திரும்பத் திரும்ப வரும். சீட்டின் படத்துக்கும் உள்ளே உள்ள ஆட்டத்துக்கும் சில வேளை உறவே இராது. மூடியைத் திறந்தால் சில்லுக்குப் பதிலாக ஒரு கரிய பிசின் பொட்டு மட்டுமே தோன்றும்.

ஆகையால் மேல்நாட்டார் அளவுகோல் இங்கே செல்லாது. அங்கே சீட்டு ஒரு சாசனம். இங்கே அது பெரும்பாலும் ஒரு பொய். ஆயினும் இப்பொய்யைச் சேர்ப்பதே அதிகப் பயனுள்ளது என்பது நம் கருத்து. நிறுவனங்கள் தம் சரக்கைப் பற்றிக் குறிப்பு வைத்திருக்கும். பெயரறியாப் பட்டறையின் சரக்குக்கு இச்சீட்டையன்றி வேறு எழுத்துச் சான்று ஏது? போனஸ் பணத்தில் தந்தை வாங்கித் தந்ததும், பழையதைக் கொடுத்துச் சில ரூபாய் சேர்த்துக் கடையில் வேறொன்று மாற்றியதும் எப்புத்தகத்திலும் இல்லை. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இந்தப் பெட்டிதான்.

பரணில் இப்படியொன்று கிடைப்பின், ஒரே ஆட்டம் இரண்டு சீட்டுகளோடு இருக்கிறதே என்று ஒன்றை எறிந்துவிட வேண்டா. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நிறம், எழுத்துப் பிழை, மூலையில் உள்ள எண், மூடியின் நிறம் எல்லாம் நோக்கத்தக்கவை. பிள்ளைகள் வாயால் ஊதியது போல் இனி யாரும் ஊதலாகாது. மூச்சின் ஈரம் செப்புத் தகடுகளை அரிக்கும். பஞ்சில் சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தகடுகளை மட்டும் துடைக்கலாம். அது சீட்டின்மேல் பட்டால் மை கரைந்துவிடும். கிழிந்த சீட்டுக்கு செலோடேப் வேண்டவே வேண்டா. நாளடைவில் அதுவே பழுத்துச் சீட்டைக் கெடுக்கும்.

முக்கியமானது ஒன்று உண்டு. எந்தக் கடை, எந்த ஆண்டு, என்ன விலை, யார் வாங்கியது என்பவற்றைச் சீட்டு சொல்லாது. வீட்டிலுள்ள பெரியவர்களே சொல்ல வேண்டும். அவர்களுக்கு நினைவிருக்கும்போதே கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி, கேசட்டுடன் ஒரே உறையில் இட்டு வையுங்கள். பேனா மை ஊறிப் பரவும்.