கோல சிலாங்கூருக்கு ஒரு வானொலி வேண்டும்

மலேசியத் தமிழருக்கு வானொலிப் பஞ்சம் இல்லை. அரசின் மின்னல் எஃப்எம் ஒரு பக்கம், தனியார் துறையின் ராகா மறுபக்கம் என்று நாள் முழுக்கத் தமிழ் ஒலிக்கிறது. ஆனால், கோல சிலாங்கூர் மாவட்டத்தின் பெஸ்தாரி ஜெயாவில் நாளைக் காலை தண்ணீர் வருமா, ஜெராம் கரையில் கடல் பெருக்கு எத்தனை மணிக்கு, வீட்டுமனை விவகாரத்தில் நில அலுவலகம் என்ன பதில் சொன்னது என்று ஒருவர் அறிய விரும்பினால், அவருக்கு இந்த இரண்டு நிலையங்களிலும் விடை கிடைக்காது. அதை அவற்றின் குறை என்றும் சொல்ல முடியாது. நாடு முழுமைக்கும் பேசும் நிலையம், ஒரு மாவட்டத்தின் ஒவ்வொரு தாமானுக்கும் (குடியிருப்புப் பகுதிக்கும்) நேரம் ஒதுக்க இயலாது. சிலாங்கூர் மாநிலத்துக்கென்று அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம் நடத்தும் சிலாங்கூர் எஃப்எம் மலாய் மொழியில் இயங்குகிறது. ஆக, வட சிலாங்கூர்க் கடலோரத் தமிழர் உலகச் செய்தியைத் தாய்மொழியில் கேட்கலாம். ஊர்ச் செய்தியைக் கேட்க வழியில்லை.

இது வரலாறு இல்லாத வட்டாரம் அல்ல. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் பத்தாங் பெர்ஜூந்தையை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) ஒட்டிய தென்னமாரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. அதை நிறுவிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகொன்னியே, இங்கு பெற்ற அனுபவத்தை வைத்து எழுதிய நாவலுக்கு 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. துரையின் பார்வையில் இந்த மண்ணின் கதை உலகத்துக்குப் போய்விட்டது. காட்டை அழித்துக் கன்று நட்டவர்களின் கதையை அவர்கள் வாயால் சொல்ல ஒரு மேடை இன்றுவரை அமையவில்லை.

செய்தி கையில் இருந்தால் எளிய மக்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு இந்த மாநிலமே சாட்சி. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. சம்பள உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றெல்லாம் தொழிலாளர்கள் கேட்டார்கள். அதை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன், ‘தமிழ் நேசன்’ நாளிதழின் துணையாசிரியர். ஒரு தோட்டத்தில் நடந்தது அடுத்த தோட்டத்துக்குத் தெரிந்ததால்தான் போராட்டம் நிலைத்தது. நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது பிரிட்டிஷ் ஆட்சி. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 1924-ல் பிறந்த அந்த ‘தமிழ் நேசன்’ 2019 தொடக்கத்தில் நின்றுபோனது.

பத்திரிகை ஒரு பக்கம் சுருங்க, தோட்டமும் கலைந்தது. லயத்து வாழ்க்கையில் ஆயிரம் கொடுமை இருந்தாலும், செய்தி பரவத் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. விடியற்காலைப் பெரட்டில் (ஆளெண்ணும் அணிவகுப்பில்) தெரியாதது மாலைக்குள் கோயில் வாசலிலோ கடையிலோ தெரிந்துவிடும். மண்டோர் வீட்டுக் கல்யாணத்திலிருந்து சம்பள வெட்டு வரை எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அந்த மக்கள் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் சிதறிய பிறகு அந்த வழி அடைபட்டது. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் அலைந்தார்கள். அப்படிப்பட்ட நெடிய வழக்கில் எந்தக் கூட்டத்தில் என்ன பேசப்பட்டது, யார் எப்போது வாக்குக் கொடுத்தார் என்பதைத் தொடர்ந்து பதிவுசெய்ய உள்ளூரில் ஒரு செய்தி நிறுவனம் இருந்திருந்தால், அந்த மக்களின் கை வலுத்திருக்கும்.

இப்போது நம் ஊர் செய்தியில் அடிபடுவது இரண்டு சமயங்களில்தான்: தேர்தல் வரும்போது, துயரம் வரும்போது. 2007 ஏப்ரல் 28 அன்று நடந்த ஈஜோக் சட்டமன்ற இடைத்தேர்தலின்போது நாட்டுத் தலைவர்கள் அத்தனை பேரும் அங்கே முகாமிட்டார்கள். செம்மண் சாலை முதல் தமிழ்ப்பள்ளிக் கூரை வரை எல்லாம் தலைப்புச் செய்தி. பாரிசான் நேஷனலின் கே. பார்த்திபன் வென்றார், டான்ஸ்ரீ காலிட் இப்ராகிம் தோற்றார், ஊடகம் ஊர் திரும்பியது. மேடைகளில் கொடுத்த வாக்குறுதிகள் என்ன ஆயின என்று மறு மாதமும் மறு வருடமும் கேட்க உள்ளூர்ச் செய்தியாளர் வேண்டும். அவரை வைத்துக்கொள்ளும் நிலையம் வேண்டும்.

துயர காலத்துக்கு வருவோம். 2020 செப்டம்பரில் ரவாங் பகுதியில் ஆற்றில் கலந்த கழிவால் சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நான்கு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் இல்லை. கோல சிலாங்கூரும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. அப்போது வாளியோடு வாசலில் நின்ற பெண்ணுக்கு ஆற்று மாசு பற்றிய நிபுணர் கருத்து தேவைப்படவில்லை. தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்ற ஒரு வரிதான் தேவைப்பட்டது. 2021 டிசம்பர் வெள்ளத்திலும் இதே கதை. எந்தச் சாலை மூடியிருக்கிறது, எந்தப் பள்ளியில் நிவாரண மையம் திறந்திருக்கிறது என்ற விவரம், யார் எழுதியது என்றே தெரியாத வாட்ஸ்அப் தகவலாகச் சுற்றியது. கடற்கரை அணைகளைக் கடல் பெருக்கு தாண்டும் ஆபத்தும், ராஜா மூசா சதுப்புக் காடு எரிந்து புகை மண்டும் ஆபத்தும் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல.

உள்ளூர்க் குரல் உயிர் காக்கும் என்பதற்குப் புதுச்சேரியின் நல்லவாடு மீனவக் கிராமத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் அமைத்து, அலை உயரத்தையும் கடல் நிலவரத்தையும் தினமும் ஒலிபெருக்கியில் அறிவித்துவந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர் இளைஞர் ஒருவர், சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசினார். ஊரார் பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், அதே ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன. சுமார் 3,600 பேர் கொண்ட ஊர் உயிர் தப்பியது. அந்தக் காலையில் மக்கள் சந்தேகப்படாமல் ஓடியதற்குக் காரணம், அந்தக் கருவி அதுவரை தினமும் அவர்களிடம் உண்மை பேசியிருந்ததுதான். பேரிடருக்கென்று மட்டும் ஒரு குரலைத் திறந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அன்றாடம் பேசும் குரலுக்குத்தான் ஆபத்து நாளில் மதிப்பு.

அந்த அன்றாடப் பேச்சைத் தமிழகத்தின் பாம்பன் தீவில் பார்க்கலாம். 2016 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 மீனவர்களுக்கான சமூக வானொலி. காற்றின் வேகம், கடல் எச்சரிக்கை, கடல் வளப் பாதுகாப்பு என்று அந்தத் தீவின் வாழ்க்கையே அதன் நிகழ்ச்சி. மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே நிகழ்ச்சி நடத்துகிறார்கள். இந்தியாவில் சமூக வானொலிக்கு அனுமதிக்கப்படும் திறன் பொதுவாக நூறு வாட். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவுக்கு அது போதும். இலங்கையில் மலையகத் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கொத்மலையில் 1989-லேயே சமூக வானொலி வந்தது. பின்னர் நேயர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நிலையத்தார் இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பினார்கள். வீட்டில் கணினி இல்லாதவருக்கும் இணையம் எட்டியது.

ஆனால், இந்திய முன்மாதிரியில் ஒரு பெரிய குறை உண்டு. அங்கே சமூக வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. வானிலை சொல்லலாம், கவுன்சிலர் ஏன் வரவில்லை என்று செய்தியாகச் சொல்ல முடியாது. நாம் கேட்கும்போது செய்திக்கான உரிமையையும் சேர்த்தே கேட்க வேண்டும். கேள்வி கேட்க முடியாத வானொலி பாதி வானொலிதான்.

மலேசியாவில் இது ஆகாத காரியமா? சரவாக்கின் பாரியோ மேட்டு நிலத்தில் கெலாபிட் மக்கள் 2011-லேயே சொந்தமாக ஒரு சமூக வானொலி தொடங்கினார்கள். ஒரு மலைக்கிராமத்துக்கு முடிந்தது ஒரு மாவட்டத்துக்கு முடியாதா? சட்டம்தான் பெரும் தடை. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் எழுதப்பட்டபோது சமூக வானொலிக்கென்று தனி உரிமப் பிரிவு வகுக்கப்படவில்லை. குறைந்த திறன், குறைந்த கட்டணம், லாப நோக்கற்ற நிர்வாகம் என்ற நிபந்தனைகளோடு ஒரு தனிப் பிரிவைத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உருவாக்கினால் வழி பிறக்கும். அதுவரை சிலாங்கூர் எஃப்எம்மில் வட சிலாங்கூருக்காக நாளுக்கு ஒரு மணி நேரத் தமிழ் ஒலிபரப்பை ஆர்டிஎம் தொடங்கலாம். அதற்குப் புதிய அலைவரிசையும் தேவையில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன இருக்கும்? மாலை ஏழு மணிக்குக் கடல் பெருக்கு நேரம், சாலை நிலவரம், தண்ணீர்த் தடை அறிவிப்பு. அடுத்து செம்பனைக் குலையின் அன்றைய விலை. சிறுதோட்டக்காரருக்கு அது முக்கியம். பிறகு நகராண்மைக் கழக அதிகாரி ஒருவரோ சட்டமன்ற உறுப்பினரோ நேரில் அமர, நேயர்கள் தொலைபேசியில் கேள்வி கேட்பார்கள். “ஐயா, எங்க தாமான் கால்வாய் மூணு மாசமா அடைச்சுக் கிடக்கு” என்று ஓர் அம்மா சொல்ல, “அடுத்த வாரம் பார்க்கிறோம்” என்று அவர் பதில் சொல்வார். அடுத்த வாரம் அதே நிகழ்ச்சியில் நிலையம் அதை நினைவூட்டும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் விபத்து இழப்பீடு கோருவது எப்படி, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கு என்ன வழி என்பவை அடுத்தடுத்த நாட்களின் பொருள். மீனவர்களில் பலர் சீனர், மலாய்க்காரர் என்பதால் கடல் எச்சரிக்கையை மலாயிலும் சொல்லியே ஆக வேண்டும். ஒரே கடற்கரையில் வாழ்பவர்களுக்கு ஆபத்தும் ஒன்றுதான்.

வாட்ஸ்அப் குழு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே தவறான தகவலுக்குப் பொறுப்பேற்க ஆளில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்ட அதிகாரியும் இல்லை. பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. உள்ளூர்க் கடைகளின் விளம்பரம், கோயில்கள், சங்கங்கள், கூட்டுறவு அமைப்புகளின் ஆதரவு, மாநில அரசின் மானியம் என்று கலந்துதான் நடத்த முடியும். மானியம் தரும் அரசியல்வாதி நிலையத்தைத் தன் ஊதுகுழலாக்கிக்கொள்வார் என்ற அச்சத்தில் உண்மை இருக்கிறது. அதற்காகவே கட்சிப் பதவி வகிக்காத ஆசிரியர்கள், தொழிற்சங்கத்தினர், மீனவர்கள், பெண்கள் கொண்ட நிர்வாகக் குழுவைத் தொடக்கத்திலேயே விதியாக எழுத வேண்டும்.

கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் மக்கள் பிரதிநிதிகள் இந்தக் கோரிக்கையைச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எழுப்ப வேண்டும். பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் தத்தம் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி ஆணையத்துக்கும் ஆர்டிஎம்முக்கும் அனுப்பட்டும். வாசகர்களே, நம் ஊரின் செய்தியை நாமே சொல்லும் உரிமையைக் கேட்டுப் பெறுவோம். கேட்காமல் யாரும் தரப்போவதில்லை.