மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவே ஒரு தேசம் இருந்தது

ஞாயிறு பள்ளிப் பாடநூல் எழுதுவோருக்கும் கிறிஸ்துமஸ் செய்தி அளிக்கும் போதகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான ஐயாமார்களே, அம்மாமார்களே,

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கிறவன் நான். நெடுநாளாக மனதில் கிடக்கும் குறையை உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

மல்கியா முடிந்து தாளைப் புரட்டினால் மத்தேயு. இடைப்பட்ட காலத்தை ‘நானூறு மௌன ஆண்டுகள்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறீர்கள். டிசம்பர் வந்ததும் அகஸ்து ராயனும் ஏரோதும் குடிமதிப்பும் திடீரென்று மேடையேறுகின்றன. ரோமர் அந்த நாட்டுக்குள் எப்படி நுழைந்தார்கள்? ஏரோதுக்கு முடிசூட்டியது யார்? குடிமதிப்பு என்றதும் ஏன் கலகம் வெடித்தது? பிள்ளைகள் கேட்கிறார்கள். நீங்கள் கொடுத்த பாடத்தில் பதில் இல்லை.

தீர்க்கதரிசிகளின் குரல் கேட்காத காலம் என்று நீங்கள் சொன்னால், அது இறையியல். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்த ஜனங்கள் வாய்மூடி இருக்கவில்லை. வாதாடினார்கள், மனுக் கொடுத்தார்கள், எதிர்த்தார்கள், செத்தார்கள்.

ரோமர் முதலில் வந்தது நண்பர்களாக. கி.மு. 164இல் அந்நிய அரசனிடமிருந்து ஆலயத்தை மீட்ட யூதா மக்கபே, சில ஆண்டுகளில் ரோமுக்குத் தூதரை அனுப்பி நட்பு உடன்படிக்கை செய்தார். கத்தோலிக்கரின் தமிழ் விவிலியத்தில், மக்கபேயர் முதல் நூல் 8ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. அப்படி ஒரு நூல் இருப்பதே நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தக் குடும்பத்தார் பிற்பாடு தனி நாடே ஆண்டார்கள். அவர்களும் உத்தமர்கள் அல்ல. இதுமேயரைக் கட்டாயப்படுத்தி விருத்தசேதனம் செய்வித்தார் ஒருவர். தன்னை எதிர்த்த 800 பேரைச் சிலுவையில் அறைந்தார் இன்னொருவர். கி.மு. 67இல் ராணி சலோமே அலெக்சாந்திரா இறந்ததும், மகன்கள் இர்கானும் அரிஸ்தொபூலும் சிங்காசனத்துக்காக மோதிக்கொண்டார்கள்.

கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேய் தமஸ்குவில் இருந்தபோது அண்ணனும் தம்பியும் அவரிடம் நியாயம் கேட்டுப் போனார்கள். அதே இடத்துக்கு மூன்றாவதாக ஒரு கூட்டமும் போனது. எங்களுக்கு இவர்கள் இருவருமே வேண்டாம், ராஜாவே வேண்டாம், ஆசாரியர்களின் கீழ் வாழ்வதே எங்கள் முன்னோர் வழக்கம் என்று அந்தக் கூட்டம் முறையிட்டதாக வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். இதை ஒரு பாடமாக வைக்க உங்களுக்கு என்ன தடை?

தம்பியின் ஆட்கள் ஆலயத்துக்குள் அடைந்துகொள்ள, பொம்பேய் மூன்று மாதம் அதை முற்றுகையிட்டார். ஓய்வுநாளில் நேரே தாக்கினால் மட்டுமே யூதர்கள் ஆயுதம் எடுப்பார்கள். இதைத் தெரிந்துகொண்ட ரோமர், ஓய்வுநாட்களில் அம்பெய்யாமல் மண்மேடு எழுப்பி மதிலை நெருங்கினார்கள். மதில் இடிந்து சேனை உள்ளே பாய்ந்தபோதும் ஆசாரியர்கள் பலிபீடத்தை விட்டு நகரவில்லை. ஆராதனை நடுவிலேயே வெட்டுண்டார்கள். பிரதான ஆசாரியர் வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் நுழையும் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பொம்பேய் நடந்து போனார். ஆலயத்தின் பொக்கிஷத்தைத் தொடவில்லை. ஆனால் நாடு கப்பம் கட்டும் நாடானது.

பொம்பேய் தொடாததை இன்னொரு ரோமத் தளபதி கிராசஸ் தொட்டார். கி.மு. 54இல் ரோமின் கிழக்கத்திய எதிரிகளான பார்த்தியர்மேல் போருக்குப் புறப்பட்டவர், ஆலயத்திலிருந்து 2,000 தாலந்து பணத்தையும் அதைவிடப் பெருமளவு பொன்னையும் அள்ளிப்போனார். அடுத்து வந்த ரோமத் தளபதி காசியஸ் யூதேயாவிடம் 700 தாலந்து கேட்டார். கொடுக்கத் தாமதித்த நான்கு ஊர்களின் ஜனங்களை அடிமைகளாக விற்றார். அதில் எம்மாவு ஒன்று. ஆயக்காரரை ஊரார் ஏன் வெறுத்தார்கள் என்பதற்கு நம் பாடநூல் சொல்லும் காரணம் பேராசை மட்டும்தான். ஊரையே விற்றுத் தண்டிய வரியின் நினைவை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஏரோதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அட்டைக் கிரீடமும் ஒட்டுமீசையுமாக வந்து உறுமிவிட்டுப் போகிறார். அவருக்கு ராஜபட்டம் தந்தது கி.மு. 40இல் கூடிய ரோம ஆட்சிமன்றம். எருசலேமில் அப்போது ஆட்சி செய்தவர் பார்த்தியர் துணையுடன் வந்த அந்திகோனஸ், மக்கபேயரின் அரச குடும்பத்தின் கடைசி மன்னர். அவர் அடித்த சிறு வெண்கலக் காசு ஒன்று இன்றும் கிடைக்கிறது. ஒரு பக்கம் ஆலயத்தின் ஏழுகிளைக் குத்துவிளக்கு, மறுபக்கம் சமுகத்தப்ப மேசை. ராஜ முத்திரை இருக்க வேண்டிய காசில், ஆலயப் பொருள்களைப் பொறித்து ஜனங்களைக் கூப்பிட்டிருக்கிறார் அந்த மனிதர். கி.மு. 37இல் ரோமப் படையோடு வந்து ஏரோது எருசலேமைப் பிடித்தார். அந்திகோனஸை ரோமத் தலைவர் அந்தோணியுவின் ஆணைப்படி அந்தியோகியாவில் சிரச்சேதம் செய்தார்கள்.

பரிசேயர் என்றால் மாயக்காரர் என்று மட்டுமே நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். இராயனுக்கும் ஏரோதுக்கும் விசுவாசமாயிருப்போம் என்று ஆணையிட மறுத்து நின்றவர்கள் 6,000க்கும் அதிகமான பரிசேயர் என்று யோசேபஸ் சொல்கிறார். ஆலய வாசலில் ஏரோது வைத்த பொன் கழுகை வெட்டி வீழ்த்தியவர்கள், வேத போதகர் இருவரின் மாணவர்கள். அந்தப் போதகர்களை ஏரோது உயிரோடு எரித்தார்.

கி.மு. 4இல் ஏரோது இறந்ததும், யூதேயாவிலிருந்து 50 பேர் கப்பலேறி ரோமுக்குப் போய் அகஸ்துவின் முன் நின்றார்கள். ரோமில் வாழ்ந்த 8,000 யூதர்கள் துணை நின்றார்கள். ஏரோதின் குடும்பம் வேண்டாம், எங்கள் முறைப்படி வாழ விடுங்கள் என்பதே கோரிக்கை. அகஸ்து ஏரோதின் மகன் அர்கெலாயுவுக்கே யூதேயாவைக் கொடுத்தார். அதே வருஷம் நாட்டில் கலகம் மூண்டது. சீரியாவின் ஆளுநர் வாரஸ் படையோடு வந்து 2,000 பேரைச் சிலுவையில் அறைந்தார். நாசரேத்துக்கு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டரில் இருந்த செப்போரி நகரத்தாரை அடிமைகளாக்கினார்கள். இயேசு வளர்ந்தது இந்தக் காயம் ஆறாத மண்ணில்.

கி.பி. 6இல் அர்கெலாயுவை நாடுகடத்திவிட்டு ரோமர் தாங்களே ஆள வந்தார்கள். அடுத்து வரி விதிப்பதற்காகச் சீரியாவின் ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்பு. கர்த்தர் ஒருவரே எங்கள் ராஜா என்று சொல்லிக் கலிலேயனாகிய யூதாஸ் கிளர்ந்தெழுந்தார். மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் அந்த ஆண்டு முதல் ரோம ஆளுநர் கையில்.

இதையெல்லாம் விட்டுவிட்டதால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்பீர்கள். முழுகித்தான் போயிற்று. ரோமை மறைத்துவிட்டுச் சிலுவைக் கதையைச் சொன்னால், பழி முழுவதும் ஒரு ஜனத்தின் தலையில் விழுகிறது. அந்தப் பழியைக் காட்டி ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் யூதர்களைத் துரத்தினார்கள், கொன்றார்கள். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பழியை எல்லா யூதர்மேலும் சுமத்தக் கூடாது என்று அறிவித்தது. நம் வகுப்பறையில் இன்னும் ‘யூதர்கள் கொன்றார்கள்’ என்றே ஒரு சிறுமி பரீட்சைத் தாளில் எழுதுகிறாள். நாம் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவள் எழுதினாள்.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. அடுத்த பதிப்பில் மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் இடையே, மக்கபேயர் முதல் குடிமதிப்பு வரை, வரைபடத்தோடு ஒரு முழுப் பாடம் சேருங்கள். பரிசேயர், ஆயக்காரர் என்று வரும் இடங்களில் ரோம ஆட்சி அவர்களை எந்த நெருக்கடியில் வைத்தது என்று ஒரு பத்தியாவது எழுதுங்கள். பெரிய வெள்ளிச் செய்தியில், சிலுவைத் தீர்ப்பு ரோம ஆளுநருடையது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அதுவரை இந்தப் பாடத்தை என் வகுப்பில் நானே நடத்துவேன். பாடத்திட்டத்தில் இல்லை என்று யாராவது கேட்டால், சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்று இந்த மடலைக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவர்