வாயைக் கட்டச் சொல்கிறவர்களுக்கு

கல்யாணப் பந்தியில் ஒரு குண்டான பெண் இரண்டாவது ஜாங்கிரியைக் கேட்டு வாங்கட்டும். எதிர் வரிசையில் இருக்கும் பெரியம்மா தொடங்கி தண்ணீர் வைக்கும் பையன் வரை எல்லார் கண்ணும் அந்த ஜாங்கிரி மேல்தான். “கொஞ்சம் வாயைக் கட்டக்கூடாதாம்மா?” என்று யாராவது அக்கறையாகச் சொல்லியும் விடுவார். சொன்னவர் இலையில் மூன்றாவது ஜாங்கிரி இருக்கும். ஒல்லியாக இருக்கிறார் அல்லவா, அவருக்கு லைசென்ஸ் உண்டு.

நம் சினிமாவும் இதே பந்திதான். குண்டானவர் திரையில் வந்தால் நாற்காலி உடையும், தியேட்டர் சிரிக்கும். குண்டாக இருப்பது சோம்பேறித்தனத்துக்கும் தீனிப் பழக்கத்துக்கும் கிடைத்த தண்டனை என்று நாம் எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறோம்.

தீர்ப்பு சரியா என்று பார்க்கக் கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, 2015-16-ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடை. 2019-21-ல் எடுத்த அடுத்த கணக்கில் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2-லிருந்து 37-க்குப் போனார்கள். இப்போது சொல்லுங்கள். நாலைந்து வருஷத்துக்குள் நம் ஊர்ப் பெண்களில் பத்தில் ஒருத்திக்குத் திடீரென்று மன உறுதி காணாமல் போய்விட்டதா? மனிதர்கள் மாறவில்லை சார். மாறியது கடை.

2019-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் ஒரு சோதனை செய்தார். 20 பேரை ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்தார். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய பாக்கெட் வகை உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவு. பரிமாறியதில் இரண்டிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு ஏறத்தாழ ஒன்றே. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பாக்கெட் வாரங்களில் அதே ஆட்கள் தினம் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டு, முக்கால் கிலோவுக்கு மேல் எடை போட்டார்கள். மற்ற வாரங்களில் கிட்டத்தட்ட அவ்வளவும் இறங்கியது. அதே ஆள், அதே மன உறுதி. சாப்பாடு மட்டும்தான் வேறு.

“கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் என்ன?” என்று கேட்பவர்களும் உண்டு. தொப்பை சும்மா உட்கார்ந்திருக்கிற மூட்டை இல்லை. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு ஈரலுக்குள் இறங்குகிறது. இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போகிறது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு என்று வரிசையாக வருகிறது. முட்டி தேய்கிறது. ராத்திரி குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறது. 13 வகைப் புற்றுநோய்களுக்கு அதிக உடல் கொழுப்போடு தொடர்பு உண்டு என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே சொல்லிவிட்டது.

ஜாங்கிரி லைசென்ஸ் வைத்திருப்பவருக்கும் ஒரு சேதி. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் இருவரும் 2004-ல் தங்கள் உடம்பையே அளந்து லான்செட் இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இருவரும் ஒன்று: 22.3. உடம்பிலுள்ள கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இந்திய உடம்பு ஒல்லியாகத் தெரிந்துகொண்டே கொழுப்பை ஒளித்து வைக்கும். அதனால் தராசை நம்பாதீர்கள், டேப்பை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. தாண்டினால் கேலி செய்யும் தகுதி உங்களுக்கும் இல்லை.

சரி, கடையை யார் கேட்பது? சிலி நாட்டில் 2016-ல் கேட்டார்கள். சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமான பாக்கெட்டின் முகத்தில் கறுப்பு எண்கோண முத்திரை. குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன் பொம்மைகளுக்குத் தடை. பள்ளிக்கூடத்தில் விற்கத் தடை. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் கொண்டு வந்த வரைவு என்ன தெரியுமா? நட்சத்திரம்! ஹோட்டலுக்குக் கொடுப்பது போல. ஆக மோசமான சரக்குக்கும் அரை நட்சத்திரம் உண்டு. எச்சரிக்கை செய்யச் சொன்னால் பதக்கம் குத்துகிறார்கள்.

வரியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீமுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதம். நூடுல்ஸ், மிக்சர் வகைகளுக்கு 12-லிருந்து 5. கோலாவுக்கு 40 என்று பெருமை பேசினார்கள். அது பழைய 28-ம் 12 செஸ்ஸும் சேர்ந்த அதே 40தான். அதே வருஷம் மார்ச்சில் மௌன்ஜாரோ, ஜூனில் வெகோவி என்று எடை குறைக்கும் ஊசிகள் இந்தியாவுக்கு வந்தன. தேவைப்படுகிறவர்களுக்கு அவை நல்ல மருந்துகள்தான். ஆனால் ஏற்றுவதற்கு ஒரு வியாபாரம், இறக்குவதற்கு ஒரு வியாபாரம். நடுவில் திட்டு வாங்குவது மட்டும் குண்டானவர்.

“அப்போ தனி மனுஷனுக்குப் பொறுப்பே இல்லையா?” உண்டு. நடக்கலாம், சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டலாம். ஆனால் நடைபாதையில் பைக்கையும் டிரான்ஸ்பார்மரையும் நிறுத்திவிட்டு ‘நட’ என்பதும், பால்வாடி வயசிலிருந்து பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு ‘கட்டு’ என்பதும் அயோக்கியத்தனம்.

ஒரு வேலை செய்யுங்கள். 2020-லேயே விதி இருக்கிறது: பள்ளி கேன்டீனிலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைக் குழந்தைகளுக்கு விற்கக் கூடாது. விளம்பரமும் கூடாது. நாளைக்குப் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும்போது வாசலிலிருந்து ஒரு எழுபது எட்டு நடந்து, தொங்கும் சரங்களை எண்ணிப் பாருங்கள். எண்ணியதைத் தலைமை ஆசிரியரிடமும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் எழுத்தில் கொடுங்கள்.

யாரையாவது வாயைக் கட்டச் சொல்லியே ஆகவேண்டும் என்றால், அந்தச் சரங்களைத் தயாரித்து அனுப்புகிறவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.