பகைவன் வேடம் பூண்ட ஆசிரியர்

நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாக்கிய நன்னூலார், ஆசிரியராதற்குத் தகாதாருக்கும் நான்கு உவமை கூறினார். அவற்றுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவன் தன் வளவிலே நட்டு, நீர்வார்த்து வளர்த்த தென்னை, வளைந்து வேலிக்கு அப்பாற் சென்று அயலான் வளவிலே காயை உதிர்க்கும். யாழ்ப்பாணத்து வேலிகளைக் கண்டவர்க்கு இவ்வுவமையை விளக்கவேண்டுவதில்லை. பல்லாண்டுகளாக இதனை மாணவர்க்குப் பாடஞ்சொல்லி வருகின்றேன். எனினும் ஒரு கல்வி தன் வேலியைக் கடந்து சாய்ந்தால் எத்துணைக் கேடு விளையும் என்பதை, அமெரிக்கப் படைப்பள்ளி ஒன்றின் வரலாற்றைப் படித்தபோதே நன்குணர்ந்தேன்.

அமெரிக்காவின் வடமேற்கிலே, வாஷிங்டன் மாநிலத்து ஸ்பொக்கேன் நகருக்கு அணித்தாய்ப் பெயார்ச்சைல்ட் என்னும் விமானப்படைத் தளம் உள்ளது. விமானம் வீழ்த்தப்பட்டுப் பகைவர் நிலத்தில் அகப்பட்ட வீரன் எவ்வாறு உயிர்பிழைப்பது, எவ்வாறு ஒளிந்து திரிவது, சிறைப்பட்டால் விசாரணையை எவ்வாறு தாங்குவது, எவ்வாறு தப்பி மீள்வது என்னும் நான்கினையும் கற்பிக்கும் பள்ளி அங்கே 1966 முதல் நடந்து வருகின்றது. காட்டில் நீர் காணல், ஈரவிறகிலே தீமூட்டல், பாராசூட் துணியாற் குடிலமைத்தல், மீட்கவரும் விமானத்துக்குக் குறிகாட்டல் ஆகிய பாடங்களை எவரும் குறைகூறார். மூன்றாவது பாடமே சிக்கலானது. அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் பகைவனாக வேடம் பூணுகிறார். மாதிரிச் சிறையொன்று அமைத்து மாணவனை அதில் அடைக்கிறார், அதட்டுகிறார், நித்திரையைக் கெடுக்கிறார், அவமதிக்கிறார். பாம்பின் நஞ்சைச் சிறிதாக ஊட்டி நஞ்சுக்கு மாற்றுண்டாக்கும் வைத்தியம் போன்றது இது.

இவ்வைத்தியம் தோன்றியதற்குக் காரணம் கொரியப் போர். 1950 முதல் 1953 வரை நடந்த அப்போரில் 7,000 இற்கும் மேற்பட்ட அமெரிக்கர் சிறைப்பட்டனர். அவருள் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் சிறையிலேயே மாண்டனர். விமானப்படையினர் சிலர் தாம் நோய்க்கிருமிகளை வீசியதாக வாக்குமூலம் கொடுத்து, விடுதலையாகி மீண்டபின் அதனை மறுத்தனர். 21 பேர் தாய்நாடு திரும்பவே மறுத்தனர். மனத்தை மாற்றும் மந்திரம் ஏதோ பகைவர் கையில் இருக்கிறதென்ற அச்சம் பரவிற்று. அல்பேட் பைடர்மன் என்னும் ஆய்வாளர் விமானப்படைக்காக அதனை ஆராய்ந்து 1957 இல் கட்டுரையொன்று வெளியிட்டார். மந்திரம் யாதுமில்லை, தனிமை, களைப்பு, அச்சுறுத்தல், இழிவுபடுத்தல், இடையிடையே சிறு சலுகை ஆகியவையே கருவிகள் என்று அவர் காட்டினார், அம்முறைகளை ஓர் அட்டவணையாகவும் வகுத்தார். அக்கட்டுரைத் தலைப்பிலே வாக்குமூலம் என்ற சொல்லுக்கு முன் ‘பொய்’ என்ற அடை நின்றதை வாசகர் மனத்திற் கொள்க. இம்முறைகள் உண்மையை வருவிப்பன அல்ல. விசாரிப்போன் கேட்க விரும்பியதை வருவிப்பன.

1955 ஓகஸ்ட் 17 ஆம் நாள் ஜனாதிபதி ஐசனோவர் படையினருக்கு ஆறு பிரிவுகள் கொண்ட ஒழுக்கவிதியை ஏற்படுத்தினார். சிறைப்பட்டவன் தன் பெயர், பதவி, படை இலக்கம், பிறந்த தேதி என்னும் நான்கினை மட்டுமே சொல்லக் கடமைப்பட்டவன் என்பது அதன் ஐந்தாம் பிரிவின் கருத்து. வியட்நாமிற் சிறைப்பட்டோர் பட்ட பாட்டின்பின், 1977 இல் அவ்விதியிலிருந்து ‘மட்டும்’ என்னும் பொருள்படும் சொல் நீக்கப்பட்டது. இலக்கணம் கற்றோர் இதனைப் பிரிநிலை ஏகாரத்தின் நீக்கம் என்பர். எந்த மனிதனும் எல்லையின்றித் தாங்கான்; ஒருமுறை தளர்ந்தவன் தன்னைத் துரோகியென்று எண்ணி மாய்தலும் ஆகாது; தளர்ந்தபின் மீண்டும் எழுந்து நிற்கவேண்டும் என்ற அறிவு அந்த ஓர் எழுத்தின் நீக்கத்தில் அடங்கியுள்ளது.

இப்பள்ளிக் கல்வி பயனற்றதன்று. 1965 ஏப்பிரிலில் வியட்நாமில் வீழ்த்தப்பட்ட ஹரிஸ் என்னும் விமானி, தனிச்சிறையில் இருந்தபோது ஒன்றை நினைவுகூர்ந்தார். பயிற்சிக் காலத்தில், வகுப்பின் இடைவேளையிலே, ஆசிரியர் ஒருவர் முன்னைய போரின் கைதிகள் சுவரிலே தட்டிப் பேசிய முறையைப் பேச்சுவாக்கிற் கூறியிருந்தார். ஐந்து வரி, ஐந்து நிரல். முதலில் வரியின் தட்டு, பின் நிரலின் தட்டு. ஹரிஸ் அதனைத் தோழருக்குக் கற்பித்தார். அது சிறையெங்கும் பரவிற்று. ஏழாண்டுகளுக்கு மேல் சிறையிருந்த கடற்படையாளர் ஸ்டொக்டேல் முதலியோர் இத்தட்டினாலேயே ஒருவரையொருவர் தாங்கினர். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வார்த்தை பலருடைய உள்ளத்தை முறியாமற் காத்தது. ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த பெருமை யாதுளது?

நிற்க. பகைவன் வேடம் பூணும் ஆசிரியரைப் பள்ளி எவ்வாறு கட்டுப்படுத்திற்று? மாணவன் அமெரிக்கப் படைவீரன். இஃது ஒரு பயிற்சி என்பதும் குறித்த நாளில் முடியும் என்பதும் அவனுக்குத் தெரியும். குறித்ததொரு சொல்லைச் சொன்னால் எல்லாம் அக்கணமே நின்றுவிடும். இவற்றுக்கு மேலாக, வைத்தியரும் உளவியலாளரும் அருகில் இருந்தனர். அவ்வுளவியலாளரின் கண் மாணவன்மேல் மட்டும் இருப்பதன்று, ஆசிரியன்மேலும் இருப்பது. எவர் அவ்வேடத்துக்குத் தகுந்தவர் எனத் தேர்வதும், வேடம் எல்லைமீறும்போது தடுப்பதும் அவர் கடமை.

இஃது ஏன் வேண்டுமென்று என்னைக் கேட்டால், என் வாழ்விலிருந்தே விடை சொல்லுவேன். ஆசிரியப் பணிக்கு யான் புதியவனாய் இருந்த காலத்தில் ஒருநாள், மனனஞ்செய்து வராத மாணவனொருவனைப் பிரம்பால் அடித்தேன். முதலடி அவன் பிழைக்காக விழுந்தது. நான்காவது அடி எதற்காக விழுந்தது என்று இன்றும் என்னாற் கூறமுடியாது. அடுத்த வகுப்பிலிருந்த மூத்த ஆசிரியர் உள்ளே வந்து, “தம்பி, காணும், பிரம்பைத் தாரும்” என்று மெல்லச் சொன்னார். அவர் வராதிருந்தால் ஐந்தாவதும் விழுந்திருக்கும். யான் கொடியவனல்லன் என்றே அன்றும் எண்ணியிருந்தேன். ஆகலின், நல்லவரைத் தேர்ந்து நியமித்தால் மட்டும் போதும் என்பாரோடு யான் உடன்படேன். நல்லவர்க்கும் ‘காணும்’ என்று சொல்ல ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.

நியூயோர்க் டைம்ஸ் 2009 ஓகஸ்டில் வெளியிட்ட செய்தி இதற்குச் சான்று. பெயார்ச்சைல்ட் பள்ளியில் ஆசிரியர்களைக் கண்காணித்த உளவியலாளர் புரூஸ் ஜெசன் என்பார் 1988 இல் அண்மையிலிருந்த மேற்பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். ஜேம்ஸ் மிற்செல் அவரிடத்துக்கு வந்தார். மேற்பயிற்சிப் பள்ளியிலே ஜெசன் கண்காணிப்பாளர் இருக்கையை விட்டுத் தாமே விசாரிப்போன் வேடம் பூண்டார். அவ்வேடத்தில் அவர் காட்டிய கடுமையைக் கண்டு சக ஊழியர் குறுக்கிட்டு, பதிவான படத்தை அவருக்கே காட்டி அடக்கவேண்டியதாயிற்று. எங்கள் நாட்டுக்கூத்திலே அண்ணாவியார் தாளத்தோடு களரியோரத்தில் நிற்பார். ஆடுவோன் தாளந்தப்பினால் இழுத்து நிறுத்துவார். அண்ணாவியாரே வேடங்கட்டி ஆடத் தொடங்கினால் தாளம் போடுவார் யார்? எனினும் அன்று சக ஊழியர் இருந்தனர். தவறு பள்ளிக்குள்ளேயே திருத்தப்பட்டது.

2001 செப்டெம்பர்த் தாக்குதலின்பின் வேலி விழுந்தது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே பாதுகாப்புத் திணைக்களத்தினர் இப்பயிற்சிகளை நடத்தும் நிறுவனத்தை அணுகிக் கைதிகளை விசாரிக்கும் முறைபற்றி வினவினர். மிற்செல்லும் பின்னர் ஜெசனும் மத்திய உளவு நிறுவனத்துக்குப் பணியாற்றினர். விசாரணைத் தொழிலில் இவ்விருவருக்கும் முன் அனுபவம் இருந்ததில்லை எனச் செனற் சபையின் குழு பின்னர் எழுதிற்று. 2002 மார்ச்சிற் பிடிபட்ட அபூ சுபைதா என்பார்மீது அவ்வாண்டு ஓகஸ்டில் 83 தடவை, முகத்தை மூடிய துணிமேல் நீர்வார்த்து மூச்சுத்திணறச் செய்யும் முறை கையாளப்பட்டது. முன்னர்க் கடற்படையின் பயிற்சிப் பள்ளியிற் கையாளப்பட்ட முறை அது. பள்ளியிலே மாணவனுக்கு நிறுத்தச் சொல்லும் சொல் ஒன்று இருந்தது. கைதிக்கு அச்சொல் இல்லை. அவ்விருவரின் நிறுவனத்துக்கு 8 கோடியே 10 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டது.

அவ்வாண்டு டிசெம்பரிற் குவான்டனாமோச் சிறையில் விசாரிப்போருக்கு நடந்த வகுப்பிலே பைடர்மனின் அட்டவணை பாடமாயிற்று. அதில் ஒரு மாற்றமே செய்யப்பட்டிருந்தது. பொதுவுடைமையாளர் கையாண்ட வலுக்கட்டாய முறைகள் என்னும் கருத்துடைய தலைப்பு வெட்டப்பட்டிருந்தது. ஏட்டுச் சுவடிகளோடு பழகியவன் என்ற முறையிற் சொல்கின்றேன்: தலைப்பேடு தானே உதிர்ந்த சுவடி வேறு, தலைப்பை உருவி எறிந்த சுவடி வேறு. நோயின் இலக்கணத்தை மருந்தின் இலக்கணமாகப் படிக்கவேண்டுமாயின், முதலில் அதன் பெயரை மறைத்தல் வேண்டும்.

எச்சரித்தவர் இல்லாமலில்லை. 2002 யூலையில் அப்பயிற்சி நிறுவனமே அனுப்பிய குறிப்பொன்று, வதையினாற் பெறும் செய்தி நம்பத்தக்கதன்று என்றது. 2003 செப்டெம்பரில் அந்நிறுவனத்தைச் சேர்ந்த கேணல் ஸ்டீவன் கிளெயின்மன் ஈராக்குக்கு அனுப்பப்பட்டார். முழந்தாளிட்ட கைதியொருவன் விடைதோறும் அறையப்படுவதைக் கண்டு, அவர் விசாரணையை நிறுத்தினார். மேலிடத்தார் அம்முறைகளுக்கு அனுமதி உண்டென்றனர். அது சட்டத்துக்கு மாறான கட்டளை என்று அவர் உடன்பட மறுத்தார். 2008 இற் செனற் குழுவின்முன் இதனைச் சாட்சியமாகவும் கூறினார். “காணும்” என்று சொன்ன மூத்த ஆசிரியர் இவரே.

விளைவு யாது? 2009 சனவரியில் ஜனாதிபதி ஒபாமா இம்முறைகளைத் தடுத்தார். 2014 டிசெம்பரில் வெளியான செனற் சபைக் குழுவின் அறிக்கை, அவற்றாற் பயன் விளையவில்லை என்றது. 2015 இல் அமெரிக்க உளவியற் சங்கம் தன் உறுப்பினர் இத்தகைய விசாரணைகளிற் பங்குபெறுதலை விலக்கிற்று. வதைபட்டோர் தொடுத்த வழக்கு 2017 ஓகஸ்டில் இணக்கமாய் முடிந்தது. அது நடந்த நீதிமன்றம், விதியின் விளையாட்டுப்போல, ஸ்பொக்கேன் நகரிலேயே இருந்தது. அரசாங்கம் அனுமதித்ததையே செய்தோம் என்று இரு உளவியலாளரும் வாதித்தனர். 2023 ஓகஸ்டிற் குவான்டனாமோவின் படை நீதிபதி, கப்பற் குண்டுவெடிப்பு வழக்கின் எதிரி கொடுத்த வாக்குமூலத்தை, அது முன்னைய வதையின் பயன் எனக் கூறித் தள்ளினார். ‘பொய்’ என்னும் அடையை 1957 இலேயே எழுதி வைத்திருந்தும், உண்மையைத் தேடியோர் அதனைப் படிக்கவில்லை. கொல்லப்பட்டோரின் உற்றாருக்குக் கிடைக்கவேண்டிய நீதியும் இதனாற் பழுதாயிற்று.

வதைக்கெதிரான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை அமெரிக்கா 1994 இல் உறுதிப்படுத்திற்று. எமது இலங்கையும் அதே ஆண்டில் அதிற் சேர்ந்து தனிச்சட்டமும் இயற்றிற்று. சட்டம் ஏட்டில் இருத்தல் வேறு. அதனை எடுத்துச்சொல்ல அஞ்சாத ஒருவர் அவ்வறையினுள்ளே இருத்தல் வேறு. எந்நாட்டிலும் அவ்வொருவர் இல்லாத அறையிலேதான் சட்டம் வெறும் ஏடாகின்றது.

பகைவனைப்போல் நடித்துக் கற்பிக்கும் ஆசிரியர் தேவையில்லை என்று யான் கூறவில்லை. போர்கள் உள்ளவரை சிறைப்படுவோரும் உளர். அவருக்கு இக்கல்வி வேண்டும். அதனைத் தளிர்க்கச் செய்வோர் ஆசிரியர். சாயாமற் காப்போர் கண்காணிப்பாளர். கண்காணிப்பாளரே சாய்ந்தபோது, சொந்த வீரரைக் காக்க வார்த்த நீர் வேலிக்கு அப்பாலே நஞ்சாய் உதிர்ந்தது. நன்னூலார் முடத்தெங்கை ஆசிரியரல்லாதார் வரிசையில் வைத்தார். அதற்குத் தாங்குகால் நாட்டும் பொறுப்பு வளவுக்கு உரியவனைச் சார்ந்தது.