வயிறு குலுங்கச் சிரிக்க முடியுதா உங்களால?

"வயிறு குலுங்கச் சிரித்தேன்"னு சாதாரணமா எழுதிட்டுப் போறோம். அதுல 'குலுங்க'ங்கிறது அலங்காரத்துக்கு வந்த சொல் இல்லைங்க. உடம்புல நடக்கிறதை அப்படியே சொல்ற சொல். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க.

புன்னகையும் முறுவலும் முகத்தோட முடிஞ்சிடும். குலுங்கிச் சிரிக்கும்போது உதரவிதானம், விலா எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற தசைகள், வயிற்றுத் தசைகள் எல்லாம் சேர்ந்து மூச்சைத் துண்டு துண்டா வெளியே தள்ளும். அதனாலதான் "போதும்டா, வயிறு வலிக்குது"ன்னு கெஞ்சுறோம்.

குலுங்கிக் குலுங்கி அழுதாள்னும் சொல்றோம். அங்கேயும் வேலை செய்றது இதே தசைகள்தான். மரம் பூத்துக் குலுங்குதுங்கிறதுக்கு மட்டும் என் எம்.பி.பி.எஸ். உதவாது!

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

பிரஷர் மாத்திரை வாங்க வந்த அம்மா ஒருத்தங்க. மூணு பிரசவம். கிளம்புறப்போ குரலைத் தாழ்த்திக்கிட்டு, "நூறு நாள் வேலையில எல்லாரும் உக்காந்து சிரிச்சுப் பேசுவோம் டாக்டரம்மா. இப்பல்லாம் நான் அங்க போறதே இல்ல. சிரிச்சா சேலை நனைஞ்சிடுது"ன்னாங்க.

எத்தனை வருஷமான்னு கேட்டேன். கடைக்குட்டி பிறந்ததுல இருந்தாம். அந்தப் பையன் இப்போ எட்டாவது படிக்கிறான்.

குலுங்கும்போது வயிற்றுக்குள்ள அழுத்தம் ஏறும். அது சிறுநீர்ப்பையையும் அமுக்கும். பிரசவத்துல இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்திருந்தா, அந்த அழுத்தத்துக்குத் தாங்காம கசியும். தும்மல், இருமல், குடம் தூக்குறது எல்லாத்துலயும் இதே கதை. உடல் பருமன், தீராத இருமல், நாள்பட்ட மலச்சிக்கல் இருந்தா இன்னும் அதிகமாகும்.

"பிள்ளை பெத்தா இப்படித்தான்"னு வீட்டுல சொல்லிடுவாங்க. சகஜம்தான், ஆனா பொறுத்துக்கிட்டே இருக்கணும்னு அவசியமில்ல. எங்க மேலயும் தப்பு இருக்கு. கூட்டம் நிக்கிற ஓ.பி.யில நாங்களா இதைக் கேக்கிறதே இல்ல.

முதல் சிகிச்சை பயிற்சிதான். காத்து பிரியாம அடக்குற மாதிரி கீழ்த் தசைகளை உள்ளே இழுத்துப் பிடிச்சு, மெதுவா விடணும். மூச்சை அடக்கக் கூடாது. ஒரு வேளைக்கு 8 தடவை, நாளைக்கு 3 வேளை, குறைஞ்சது 3 மாசம். பத்து நாள் செஞ்சுட்டு "கேக்கலை டாக்டர்"னு வராதீங்க. இதுல சரியாகலைன்னா அடுத்த கட்ட சிகிச்சைகளும் இருக்கு.

எரிச்சல், காய்ச்சல், சிறுநீர்ல ரத்தம் இருந்தா பயிற்சியை நம்பி உக்காராம உடனே காட்டுங்க. கால் மரத்துப்போய் திடீர்னு கட்டுப்பாடு போனா அது அவசரம்.

'வாய்விட்டுச் சிரிச்சா நோய்விட்டுப் போகும்'னு ஃபார்வர்டு அனுப்பாத குடும்ப குரூப்பே கிடையாது. பிரஷரும் சுகரும் சிரிப்புக்குப் போகாது, மாத்திரையை நிறுத்திடாதீங்க. இங்க நான் பார்க்கிறது அதுக்கு நேர் தலைகீழ். நோய்க்குப் பயந்து சிரிப்பை விட்டவங்க.

வீட்டுல யாராவது சிரிப்பு வந்ததும் சட்டுனு எழுந்து போறாங்களான்னு கவனிங்க. டாக்டர்கிட்ட பேசக் கூச்சமா இருந்தா "சிரிச்சா கசியுது"ன்னு ரெண்டே வார்த்தை போதும். மீதியை நாங்க கேட்டுக்குவோம்.