ஜிம்மி ஊருக்குப் போகவில்லை

பதின்மூன்று வருஷமாக வாசலில் படுத்துக் கிடந்த நாய், ஒருநாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இருக்காது. கேட்டால் "மாமா தோட்டத்துக்கு அனுப்பிட்டோம், அங்கே ஜாலியா ஓடிட்டிருக்கும்" என்று பதில் வரும். எழுந்து நிற்கவே முடியாத நாய் தோட்டத்தில் எப்படி ஓடும்? ஆறு வயசுக் குழந்தைக்குப் புரிகிற இந்தக் கேள்வி அப்பாவுக்கு மட்டும் புரிவதில்லை.

இதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுத்தப் பொய். பிள்ளை முன்னால் அழக் கூச்சப்படும் பெரியவர்கள் தங்களுக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடு. முழுப்பரீட்சை லீவில் குழந்தை மாமா ஊருக்குப் போய் ஜிம்மியைத் தேடுமே, அப்போது மாமாவும் ஒரு பொய் சொல்ல வேண்டும். (மாமிக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.)

கொஞ்சம் நாகரிகமான வீடுகளில் "தூங்க வைத்துவிட்டோம்" என்கிறார்கள். ராத்திரி விளக்கை அணைத்ததும் அந்தக் குழந்தை என்ன நினைக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. வெறுமனே "ஊசி போட்டாங்க, செத்துடுச்சு" என்பதும் உதவாது. அடுத்த காய்ச்சலுக்கு டாக்டரிடம் அழைத்துப் போகும்போது தெரியும். மயக்க மருந்தையே மிக அதிக அளவில் கொடுப்பார்கள், நினைவு போய்விடும், பிறகு மூச்சும் இதயமும் நின்றுவிடும், இது காய்ச்சல் ஊசி இல்லை, ஜிம்மி திரும்பி வராது. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம்.

இன்னொரு கட்சி "உசிரை எடுக்க நாம யாரு?" என்று கேட்கும் பாட்டிகளுடையது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் படுக்கைப் புண்ணில் ஈ மொய்க்க, சிறுநீரிலேயே கிடக்கும் நாய்க்கு அந்தக் கேள்வி என்ன நிவாரணம் தரும்? 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியில்லாமல் துடித்த கன்றுக்கு விஷ ஊசி போடச் சம்மதித்தவர் காந்தி. கண்டனங்கள் கிளம்பின, தான் செய்தது அகிம்சைதான் என்று எழுதி வாதாடினார். காந்தியை விடவா அகிம்சை தெரிந்துவிட்டது எதிர்வீட்டுக்காரருக்கு?

எப்போது என்பதுதான் நிஜமான சிக்கல். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் ஒரு அளவுகோல் கொடுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களை விட நல்ல நாட்கள் அதிகமா என ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். மார்க் போடுவதில் நம்மாட்களை மிஞ்ச ஆளில்லை. காலண்டரில் தினமும் குறித்து வந்தால் பாட்டி உட்பட மொத்த வீடும் ஒரே கணக்கைப் பார்க்கும். முடிவு அப்பா ஒருத்தர் தலையில் விழாது. முடிவெடுக்கும் பாரத்தை மட்டும் குழந்தை மேல் போடக்கூடாது. "நீ சொன்னா ஊசி போடலாம்" என்று கேட்பது கொடுமை.

கூட இருக்க வேண்டுமா என்பதைக் குழந்தையே சொல்லட்டும். வருவதானால், என்னவெல்லாம் நடக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண் மூடாமல் திறந்தே இருக்கலாம். மூச்சு நின்ற பிறகும் ஒரு இழுப்பு வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் போகலாம். தெரியாமல் பார்க்கிறவர்கள் "ஐயோ, உயிர் இருக்கு" என்று அலறிவிடுவார்கள், பெரியவர்கள்தான் முதலில்.

டோக்கன் வாங்கிக்கொடுத்துவிட்டு வெளியே டீக்கடையில் நிற்கும் குடும்பத்தலைவர்களைப் பற்றி என்னத்தைச் சொல்ல. அந்த மேஜையில் நாய்க்குத் தெரிந்த ஒரு வாசனையாவது இருக்க வேண்டாமா? டாக்டர் பணம், புதைக்க இடம், தூக்கி வர வண்டி எல்லாவற்றையும் முந்தைய நாளே முடித்துவிட்டால் அன்றைக்கு வெளியே நிற்கக் காரணம் எதுவும் மிச்சமிருக்காது.