பழைய தொட்டியின் உறைமோர்

சென்னை கொளத்தூர் கடையானாலும் சரி, கொல்கத்தா காலிஃப் தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையானாலும் சரி, புதிதாக மீன் வளர்ப்பவர்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். காலையில் கண்ணாடித் தொட்டி வருகிறது. மாலையில் பாலிதீன் பையில் வண்ண மீன்கள் வருகின்றன. இரண்டு மூன்று நாட்கள் வீடே தொட்டியைச் சுற்றி நிற்கிறது. பிறகு ஒவ்வொன்றாக மீன்கள் மிதக்கத் தொடங்குகின்றன. நோயுள்ள மீனைத் தலையில் கட்டிவிட்டதாகக் கடைக்காரர் மீது கோபம். வாஸ்து நம்பிக்கை உள்ளவர்களோ, குடும்பத்துக்கு வரவிருந்த கெடுதலை மீன் வாங்கிக்கொண்டது என்று ஆறுதல் அடைகிறார்கள். பல நேரங்களில் மீனைக் கொன்றது அதன் சொந்தக் கழிவு.

மீன்கள் செவுள் வழியாக ஓயாமல் அமோனியாவை வெளியேற்றுகின்றன. தின்னாமல் அழுகும் தீவனமும் அதையே தருகிறது. ஆற்றில் அது கரைந்து போகும். தொட்டியில் போக இடமில்லை. அங்கே மீனைக் காப்பாற்றுவது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. ஒரு வகை அமோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. நைட்ரைட்டும் விஷம்தான். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை அதை, அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட் ஆக மாற்றுகிறது. நைட்ரேட்டை வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றிக் குறைத்துவிடலாம். இந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே நீண்ட காலம் நம்பப்பட்டது. நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்பதை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு வேலையையும் தனியாகவே செய்யும் நைட்ரோஸ்பைராக்களும் உண்டு என்பது 2015இல் தெரியவந்தது.

புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா தானாகப் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். மீன்கள் சாவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். இதைக் குறைக்க எளிய வழி, நன்றாக ஓடும் பழைய தொட்டியிலிருந்து கடன் வாங்குவது. பாலுக்கு உறைமோர் ஊற்றுவது மாதிரி.

ஆனால் பலர் கேட்டு வாங்குவது ஒரு வாளி பழைய தண்ணீரை. அதில் பயன் குறைவு. இந்த பாக்டீரியா தண்ணீரில் நீந்தித் திரிவதைவிட எதையாவது பற்றிக்கொண்டு வாழ்வதே அதிகம். ஃபில்டர் ஸ்பாஞ்ச், பீங்கான் வளையங்கள், அடியில் கிடக்கும் கற்கள்தான் அதன் குடியிருப்பு. கடன் வாங்க வேண்டியது அவற்றைத்தான்.

அவசரமில்லாதவர்கள், புது ஸ்பாஞ்சைப் பழைய தொட்டியின் ஃபில்டரோடு சேர்த்து ஒரு மாதம் ஓடவிட்டு எடுத்துக்கொள்ளலாம். அவசரக்காரர்கள் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டிப் புது ஃபில்டரில் வைக்கலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் கொடுத்தவரின் மீன்கள் தவிக்கும். கற்களானால் ஒரு நைலான் வலைப் பையில் போட்டு, ஃபில்டர் நீர் விழும் இடத்தில் தொங்கவிட வேண்டும். எதை எடுத்தாலும் பழைய தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து, காயவிடாமல், சீக்கிரம் கொண்டுவர வேண்டும். அழுக்காக இருக்கிறதே என்று குழாயடியில் அலசினால் போச்சு. குடிநீரில் கிருமியைக் கொல்லும் குளோரின் இந்த பாக்டீரியாவையும் விட்டுவைக்காது. புதுத் தொட்டித் தண்ணீரிலும் மீன் கடைகளில் கிடைக்கும் ஹைப்போவை அளவாகக் கலந்து குளோரினை முதலில் போக்கிவிட வேண்டும்.

உறை விழுந்த பிறகு பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேண்டும். அதன் சாப்பாடு அமோனியா. எனவே தொட்டியைக் காலியாகப் போட்டுவைக்கக் கூடாது. முதலில் இரண்டு மூன்று சிறிய மீன்கள் போதும். தீவனமும் கொஞ்சமாகத்தான். சோதனை கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று தொடர்ந்து வந்தால், ஒன்றிரண்டு வாரம் கழித்து அடுத்த ஜோடியை விடலாம். கோடையிலும், காரத்தன்மை மிகுந்த போர்வெல் தண்ணீரிலும் அமோனியாவின் விஷம் கூடும் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. மின்வெட்டு இன்னொரு எதிரி. ஃபில்டர் பல மணி நேரம் நின்றால் ஆக்ஸிஜன் இல்லாமல் பாக்டீரியா மடியும். பாட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

யாரிடம் கடன் வாங்குவது என்பதும் முக்கியம். பாக்டீரியாவோடு வெண்புள்ளி நோயும் நத்தை முட்டையும் சேர்ந்தே வரலாம். தினமும் மீன்கள் வந்து போகும் கடைத் தொட்டியைவிட, மாதக்கணக்கில் புது மீன் சேராத, சமீபத்தில் மருந்து ஊற்றாத தெரிந்தவர் வீட்டுத் தொட்டி பாதுகாப்பானது. உறைமோர் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட யாரும் கூச்சப்படுவதில்லை. ஒரு துண்டு ஸ்பாஞ்சுக்கும் கூச்சம் வேண்டியதில்லை.